பள்ளத்தில் இறங்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சாரம் கட்டுவதைப் பற்றிப் போன இதழில் எழுதி முடித்தபோது, மண் வேலை குறித்து அடுத்த முறை கேளுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களைப் படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. பதினெட்டு வயதில் மண் சுமக்கப் போனவன் நான். பிறகு குழாய் பதிக்கும் வேலையில் மேஸ்திரியாக இருந்தேன். கடைசிப் பதினைந்து ஆண்டுகள் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்தேன். எல்லாக் கடிதங்களுக்கும் இங்கே இடமில்லை. உடனே பதில் சொல்லியாக வேண்டியவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: குழாய் பதிப்பதற்காக இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்திருக்கிறோம். மண் நல்ல கெட்டி. செங்குத்தாக வெட்டி இரண்டு நாளாகியும் ஒரு கட்டிகூட விழவில்லை. புதிதாக வந்த இன்ஜினீயர் பலகை வைத்து முட்டுக் கொடுக்கச் சொல்கிறார். இவ்வளவு நல்ல மண்ணுக்கு அது தேவைதானா? (ஒரு மேஸ்திரி)

பதில்: தேவை. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் உள்ளே ஆள் இருந்தால், மேலே ஏற்றிவிட்டு மீதியைப் படியுங்கள்.

இரண்டு நாளாக நிற்கிறது என்பதைத் தைரியமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஈர மணலில் குழந்தைகள் வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மணல் துகள்களுக்கு நடுவே இருக்கிற கொஞ்சம் ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. வெயிலில் காய்ந்தால் அந்த வீடு உதிர்ந்துவிடும், தண்ணீர் கூடினால் கரைந்துவிடும். உங்கள் பள்ளத்தின் சுவரும் பெரும்பாலும் இந்தப் பிடிப்பில்தான் நிற்கிறது. களிமண்ணில் இந்தப் பிடிப்பு அதிகம், அதனால் அதிக நேரம் நிற்கும். ஆனால் வெட்டிய நொடியிலிருந்து அது குறைந்துகொண்டே வருகிறது. மேல்பரப்பு காய்ந்து வெடிக்கும், அடியில் ஈரம் ஊறும், பக்கத்தில் வண்டி போகும்போது அதிரும். காலையில் இருந்த சுவர் மாலையில் இருக்கிற சுவர் இல்லை. நேற்று நின்றதை வைத்து இன்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் வெட்டி எடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்து மண்ணையும் தாங்கிப் பிடித்திருந்தது நடுவில் இருந்த மண். அதை எடுத்துவிட்டீர்கள். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. ஆழம் கூடக் கூட பக்கவாட்டு அழுத்தமும் கூடும். அதனால்தான் சில பள்ளங்களில் சுவரின் அடிப்பகுதி முதலில் வயிறு தள்ளியதுபோல் உப்பும், அதைத் தொடர்ந்து மேலே இருப்பதெல்லாம் உட்காரும்.

எடையைச் சொல்கிறேன். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னிலிருந்து இரண்டு டன் வரை இருக்கும். இரண்டு மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் தடிமன் உள்ள ஒரு துண்டு உடைந்தால் இரண்டு கன மீட்டர், அதாவது மூன்று நான்கு டன். அது விழ ஒரு நொடிகூட ஆகாது. விழும்போது விலகிக்கொள்ளலாம் என்று சொல்கிற ஆட்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் திரும்ப இடமில்லாத அகலத்தில் எங்கே விலகுவது?

சுவரின் முகத்தை மட்டும் பார்த்து மண் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது இன்னொரு தவறு. ஆபத்தின் முதல் அடையாளம் மேலே, விளிம்புக்குப் பின்னால் வரும். விளிம்புக்கு இணையாக ஒரு மெல்லிய கீறல் ஓடும். பொதுவாக ஆழத்தில் பாதி முதல் முக்கால் பங்கு தூரத்தில் அது தோன்றும். உங்கள் இரண்டு மீட்டர் பள்ளத்துக்கு விளிம்பிலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டர் தள்ளிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில்தான் வழக்கமாக நாம் தோண்டிய மண்ணைக் கொட்டி வைத்திருப்போம். கீறல் மண் குவியலுக்கு அடியில் இருக்கும், யார் கண்ணிலும் படாது.

எனக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்போது நடந்ததை எழுதாமல் இந்தப் பதிலை முடிக்க முடியவில்லை. 2.3 மீட்டர் ஆழம், மூன்றாவது நாள், நீங்கள் சொல்வதுபோலவே கெட்டி மண். மதிய இடைவேளைக்கு எல்லோரும் மேலே வந்துவிட்டோம். எங்கள் குழுவில் மூத்தவர், எனக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், தூக்குக்குண்டைக் கீழேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்து இறங்கினார். குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் இடது பக்கச் சுவர் அப்படியே சாய்ந்தது. பெரிய சத்தம் இல்லை. ஒரு மூட்டையைத் தரையில் போட்டதுபோல் இருந்தது. நாங்கள் கையாலும் தட்டாலும் மண்ணை அள்ளினோம். அவர் முகம் தெரிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அன்றைக்கு அந்தப் பள்ளத்துக்கு வேண்டிய பலகையும் குறுக்குக் கட்டைகளும் ஸ்டோரில் அடுக்கியபடியே இருந்தன. "ரெண்டு நாளா நிக்குதே, எதுக்கு?" என்று அன்று காலையில் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

விதியும் உங்கள் இன்ஜினீயர் பக்கம்தான். இந்தியாவில் மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களோடு வரும் பாதுகாப்பு விதிகள், 1.5 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள பள்ளத்தின் பக்கங்களைச் சரிவாகவோ படிப்படியாகவோ வெட்ட வேண்டும், இல்லையென்றால் பலகையும் கட்டையும் கொடுத்துத் தாங்க வேண்டும் என்கின்றன. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷாவும் ஐந்து அடி, அதாவது ஏறக்குறைய அதே 1.5 மீட்டரைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. முழுக்க உறுதியான பாறையை வெட்டிய பள்ளத்துக்கு மட்டும் விலக்கு. கெட்டி மண் பாறை ஆகாது. அமெரிக்காவில் 2022-ல் பள்ளம் சரிந்து 39 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அது 15 ஆகக் குறைந்தது. இடையில் மண் மாறிவிடவில்லை. ஆய்வும் தண்டனையும் இறுக்கப்பட்டிருந்தன.

அந்த இன்ஜினீயர் சொல்வதைக் கேளுங்கள், ஐயா. புதிதாக வந்தவர் என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம்.

கேள்வி: என் அப்பா பள்ளத்தில் மார்பு வரைதான் புதைந்தார். தலை வெளியே இருந்தது, எங்களோடு பேசினார். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. ஏன் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. (ஒரு மகள்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூச்சை இழுக்க மார்பு விரிய வேண்டும். மார்பைச் சுற்றி மண் இறுகியிருக்கும்போது, ஒவ்வொரு முறை மூச்சை விட்டதும் மார்பு சற்றுச் சுருங்கும், அந்த இடைவெளியில் மண் இறங்கிவிடும். அடுத்த மூச்சுக்கு மார்பு முன்பு அளவுக்கு விரியாது. வாயும் மூக்கும் வெளியே இருந்தாலும் காற்று உள்ளே போக வழி குறைந்துகொண்டே வரும். சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. காலும் இடுப்பும் மணிக்கணக்கில் நசுங்கியிருந்தால் அங்கே தசை சிதைகிறது. சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் வேறு நச்சுப் பொருள்களும் வெளியாகி அங்கேயே தேங்கி நிற்கும். மண்ணை அகற்றி ஆளை வெளியே இழுத்தவுடன் ரத்த ஓட்டம் திரும்பும், அவையெல்லாம் ஒரே நேரத்தில் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். வெளியே எடுக்கும் வரை பேசிக்கொண்டிருந்தவர் எடுத்த பிறகு இறப்பது இதனால்தான். லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்குள் சிக்கியவர்களிடம் எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் இதைக் கவனித்து 1941-ல் விவரமாக எழுதினார். நீண்ட நேரம் புதைந்தவருக்கு, வெளியே இழுப்பதற்கு முன்பே மருத்துவக் குழு அங்கே இருந்து சிரை வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்க வேண்டும் என்பது அதன் பிறகு வந்த நடைமுறை.

உங்கள் அப்பாவுக்கு இந்த இரண்டில் எது நடந்தது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்களும் உங்கள் தம்பியும் வேகமாக இழுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மண்ணுக்குள் இறுகிய உடலைக் கையால் இழுத்து எடுக்க முடியாது. இழுத்தால் காயம்தான் கூடும். தப்பு உங்கள் கையில் இல்லை. அவரை முட்டு இல்லாத பள்ளத்தில் இறக்கியபோதே அது நடந்துவிட்டது.

கேள்வி: பள்ளம் சரிந்து ஆள் மாட்டிக்கொண்டால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? எங்கள் சைட்டில் எல்லோரும் உடனே குதிப்பார்கள். (குழாய் பதிக்கும் குழுவில் ஒருவர்)

பதில்: குதிக்கிறவர்களை முதலில் தடுங்கள். அது கல்நெஞ்சம் இல்லை. ஒரு பக்கம் சரிந்த பள்ளத்தில் மீதி மண்ணும் பிடிமானம் இழந்து நிற்கும், இரண்டாவது சரிவு பெரும்பாலும் வரும். விளிம்பில் கூட்டம் கூடினால் அந்த எடையே அதை இறக்கிவிடும்.

வரிசையாகச் சொல்கிறேன். ஒருவர் தீயணைப்பு மீட்புக் குழுவுக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் செய்து, ஆள் மண்ணுக்கு அடியில் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஓடுகிற எல்லா இயந்திரங்களையும் நிறுத்த வேண்டும், சாலையில் கனரக வண்டி போனால் அதையும். தண்ணீர் இறைக்கும் மோட்டார் மட்டும் விதிவிலக்கு, உள்ளே தண்ணீர் ஏறுகிறது என்றால் அது ஓடட்டும். ஆள் கடைசியாக நின்ற இடத்தை ஒரு கம்பு நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்துக் கேட்டால் நான்கு பேர் நான்கு இடத்தைக் காட்டுவார்கள், என் அனுபவம் இது. தலை வெளியே தெரிந்தால், உறுதியான பக்கத்தில் விளிம்பில் பலகை பரப்பி, அதன் மேலிருந்து அவரோடு பேசிக்கொண்டிருங்கள், ஏணியைக் கிடைக்கும்படி இறக்கி வையுங்கள்.

ஜேசிபியின் வாளியைக் கொண்டு ஆளைத் தேடித் தோண்டவே கூடாது. வண்டியில் உட்கார்ந்திருக்கிற ஓட்டுநருக்கு மண்ணுக்குள் இருக்கும் உடல் தெரியாது. வாளி பட்டே இறந்தவர்கள் உண்டு. மீட்புக் குழு வந்து பக்கங்களுக்கு முட்டுக் கொடுத்து, கையால் அள்ளித்தான் எடுப்பார்கள். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். எனவே அந்த ஐந்து நிமிடத்துக்காகத் தயாராவதைவிட, அது வராமல் பார்ப்பதில்தான் உங்கள் கையில் நிறைய இருக்கிறது.

கேள்வி: பொறியியல் முடித்து முதல் வேலைக்குப் போகிறேன். பள்ளத்தின் பக்கத்தைச் சரிவாக வெட்டுவதா, முட்டுக் கொடுப்பதா என்று எதை வைத்து முடிவு செய்வது? மண்ணைச் சைட்டிலேயே எப்படிப் பார்ப்பது? (ஒரு இளம் பொறியாளர்)

பதில்: நல்ல கேள்வி, மகளே. இடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்.

ஓஷா வகுத்துள்ள சரிவுக் கணக்கு மனப்பாடம் செய்ய எளிது. வெடிப்பில்லாத, இதற்கு முன் யாரும் தோண்டாத, அதிர்வு படாத கெட்டிக் களிமண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டர் விரிக்க வேண்டும். நடுத்தர மண்ணுக்கு ஒரு மீட்டர், அதாவது 45 பாகை. மணல், சரளை, தண்ணீர் கசிகிற மண் என்றால் ஒன்றரை மீட்டர். இப்போது கணக்குப் போட்டுப் பார். அடியில் ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம், மணல். மேலே உனக்கு வேண்டிய அகலம் பத்து மீட்டர். சாலையிலோ இரண்டு கட்டடத்துக்கு நடுவிலோ அது கிடைக்காது. அங்கே முட்டுதான் வழி. ஆழம் ஆறு மீட்டரைத் தாண்டினால் இந்த அட்டவணைகளே செல்லாது. தகுதி பெற்ற வடிவமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

மண்ணைப் பார்ப்பதற்கு ஆய்வுக்கூட முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, முதல் மதிப்பீட்டைக் கையாலேயே செய்யலாம். வாளி அப்போதுதான் எடுத்த பெரிய கட்டியைக் கேட்டு வாங்கு. பெருவிரலால் அழுத்து. சிரமப்பட்டுத்தான் பள்ளம் விழுகிறது என்றால் கெட்டி. வெண்ணெயில் போவதுபோல் விரல் முழுதும் இறங்கினால் மோசமான மண் என்று எடுத்துக்கொள். பிறகு கொஞ்சம் ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டி, மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள திரியாக நீட்டு. ஐந்து சென்டிமீட்டர் நீளத்துண்டை ஒரு முனையில் பிடித்துத் தூக்கும்போது உடையாமல் தொங்கினால் அதில் களி இருக்கிறது. திரியே வராமல் உதிர்ந்தால் மணல். இவை தவிர, ஒரே பள்ளத்தில் மேலே கெட்டி மண்ணும் கீழே மணல் படுகையும் இருக்கலாம். பலவீனமான அடுக்கு எதுவோ அதை வைத்துத்தான் முடிவு.

இதற்கு முன் குழாயோ கேபிளோ புதைத்து மூடிய இடத்தை மட்டும் நல்ல மண் என்று ஒருநாளும் எழுதிவிடாதே. ஒருமுறை கலைத்துப் போட்ட மண்ணுக்குப் பழைய கட்டு திரும்பாது. புதிய பள்ளத்துக்கு இணையாகப் பழைய பள்ளம் ஒன்று ஓடுகிறது என்றால், நடுவில் மிச்சமிருக்கும் சுவர் எந்த நேரமும் வரும். நான் பார்த்த சரிவுகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட இடங்கள்தான்.

முட்டுக் கொடுக்கும்போது ஒரு வரிசை உண்டு. பலகையும் குறுக்குக் கட்டையும் மேலிருந்து கீழாகப் போட்டு வர வேண்டும், முதல் கட்டை வெளியே நின்றபடியே. எடுக்கும்போது கீழிருந்து மேலாக, மண்ணை நிரப்பிக்கொண்டே. வேலை முடிந்தது என்ற நிம்மதியில் எல்லாக் கட்டையையும் ஒரே மூச்சில் பிடுங்குகிறார்கள், அந்த நேரத்தில்தான் ஆள் போகிறான். வெளியே நின்றபடியே இறக்கி விரிக்கக்கூடிய ஹைட்ராலிக் முட்டு கிடைத்தால் அதை வாங்கச் சொல்லிப் பிடிவாதம் பிடி.

இரும்புப் பெட்டியை இறக்கி அதற்குள் வேலை செய்யும் முறையும் இருக்கிறது, டிரெஞ்ச் பாக்ஸ் என்பார்கள். அது மண்ணை விழாமல் தடுக்காது. விழுந்தால் உள்ளே இருப்பவர் மேல் படாமல் காக்கும், அவ்வளவுதான். ஆகவே பெட்டிக்கு வெளியே ஒரு அடி வைத்தாலும் பாதுகாப்பு இல்லை. குழாய் இணைப்பு பெட்டிக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது என்று ஆள் நகர்வார். அப்போது நீ கத்த வேண்டும். பெட்டியைத் தூக்கி இறக்கும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

தினமும் வேலை தொடங்கும் முன் பள்ளத்தை முழு நீளமும் நடந்து பார். மழை பெய்தால் அன்றைக்கு எத்தனை முறை பெய்ததோ அத்தனை முறையும் மறுபடி பார். ஆட்களை இறக்கலாமா வேண்டாமா என்று சொல்கிற அதிகாரம் உனக்கு எழுத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடு. வேலையை நிறுத்த அதிகாரம் இல்லாதவர் செய்கிற ஆய்வு, தாளில் போடுகிற கையெழுத்து மட்டும்தான்.

கேள்வி: நான் ஜேசிபி ஓட்டுகிறேன். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே கொட்டு, மூடும்போது தள்ள வசதி என்கிறார் காண்ட்ராக்டர். எவ்வளவு தள்ளிக் கொட்டலாம்? (ஒரு ஓட்டுநர்)

பதில்: முன்னே சொன்ன பொதுப்பணித் துறை விதி 1.5 மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அவ்வளவு தள்ளச் சொல்கிறது. நான்கு மீட்டர் ஆழம் என்றால் இரண்டு மீட்டர். ஓஷா குறைந்தபட்சம் இரண்டு அடி என்கிறது. நான் முதல் விதியைத்தான் பின்பற்றச் சொல்வேன், ஏனென்றால் கீறல் வருகிற இடத்தைக் குவியல் மூடாமல் இருக்க வேண்டும். குழாய், கம்பிக்கட்டு, சிமென்ட் மூட்டை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

உங்கள் வண்டியின் எடையையும் மறக்காதீர்கள், தம்பி. விளிம்பில் நின்று பக்கவாட்டில் தோண்டுவதைவிட, பள்ளத்தின் முனையில் நின்று பின்னால் நகர்ந்தபடி தோண்டுவது நல்லது. டிப்பர் பின்னோக்கி வரும் இடத்தில் சக்கரம் முட்டி நிற்கத் தடுப்புக் கட்டை போடச் சொல்லுங்கள். உங்கள் வாளிக்குக் கீழே ஆள் வேலை செய்தால் வாளியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அவர் வெளியே வரும் வரை தொடாதீர்கள். கேபிளோ எரிவாயுக் குழாயோ போகிற இடம் என்றால் அவற்றின் உரிமையாளர்களிடம் வரைபடம் வாங்கிய பிறகே வாளியை வையுங்கள், நெருங்கியதும் கையால் தோண்டட்டும். எச்சரிக்கை நாடா தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: வீட்டு அஸ்திவாரத்துக்கு நான்கடிதான் தோண்டுகிறோம். இதற்குமா இத்தனை? (வீடு கட்டுகிறவர்)

பதில்: 1.5 மீட்டருக்குக் கீழே என்றால் ஆபத்து இல்லை என்று எந்த விதியும் சொல்லவில்லை. நின்றுகொண்டிருக்கும் ஆளுக்கு நான்கடி மார்பளவு. அஸ்திவாரத்தில் யாரும் நின்றுகொண்டே வேலை செய்வதில்லை. கம்பி கட்டும்போது உட்காருகிறார், மட்டம் பார்க்கும்போது மண்டியிடுகிறார். அப்போது தலைக்கு மேலே மண் இருக்கிறது. மண் தளர்வாக இருந்தால் நான்கடிக்கும் சரிவு கொடுங்கள். ஏறி இறங்க ஏணி போடுங்கள், அது தரைக்கு மேலே மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கட்டும், பிடித்து ஏற அது வேண்டும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், பக்கத்து மனையின் சுற்றுச்சுவரை ஒட்டியே தோண்டுவதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். அந்தச் சுவரின் அடித்தளத்தைவிட ஆழமாகப் போகிறீர்கள் என்றால், அதன் காலடி மண்ணை எடுக்கிறீர்கள். சுவர் உங்கள் பக்கம்தான் விழும், உள்ளே ஆட்கள் இருக்கும்போது. ஒரு பொறியாளர் வந்து பார்த்து, சுவருக்குத் தாங்கு கொடுத்து, சிறு சிறு பகுதியாகத் தோண்டும் முறையைச் சொல்லும் வரை அந்தப் பக்கத்தை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: பழைய சாக்கடைக்குப் பக்கத்தில் தோண்டும்போது முட்டை அழுகிய வாடை அடித்தது. கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டது, வேலையைத் தொடர்ந்தோம். ஒருவருக்குத் தலை சுற்றியது. இது சாதாரணமா? (கூலித் தொழிலாளி)

பதில்: வாடை போகவில்லை, அண்ணே. உங்கள் மூக்கு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தின் அடியில் தேங்கும். குறைவாக இருக்கும்போது வாடை தெரியும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மோப்ப நரம்பே மரத்துவிடும். அதற்கு மேல் கூடினால் ஆள் சுருண்டு விழுவார். அடுத்த முறை வாடை வந்ததும் எல்லோரும் மேலே ஏறுங்கள்.

சாக்கடை, குப்பை மேடு, எரிபொருள் தொட்டி இவற்றுக்குப் பக்கத்தில் தோண்டினால், இறங்கும் முன் கருவி வைத்துக் காற்றைச் சோதிக்க வேண்டும். முதலில் ஆக்சிஜன், பிறகு தீப்பிடிக்கும் வாயு, பிறகு நச்சு வாயு. நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் மோட்டாரைப் பள்ளத்துக்குள் வைக்கவே வேண்டாம். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை.

உள்ளே ஒருவர் விழுந்தால் அடுத்தவர் இறங்கக் கூடாது. இதுபோன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் 1986-ல் எழுதியது. இறங்குகிறவர் உடலில் கவச வார் மாட்டி, கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருந்தால், யாரும் உள்ளே போகாமலே தூக்கிவிடலாம்.

கேள்வி: முட்டு இல்லாத பள்ளத்தில் இறங்க மாட்டேன் என்றால், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்கிறார்கள். நான் என்ன செய்வது? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: தம்பி, இறங்காதே என்று எழுதிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம். அன்றைய கூலி போவது உனக்கு. அதனால் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது எழுத்தில் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1988-ல் கொண்டுவந்த கட்டுமானப் பாதுகாப்பு உடன்படிக்கை, எண் 167, உடனடியான கடும் ஆபத்து இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்கிறது. எல்லா நாடும் அதில் கையெழுத்திடவில்லை. ஆனாலும் மேற்பார்வையாளரிடம் பேச அது ஒரு பலம்.

தனியாகச் சொல்லாதே. ஒருவன் மறுத்தால் திமிர் என்பார்கள், ஆறு பேர் சேர்ந்து மறுத்தால் பலகையைத் தேடுவார்கள். முந்தின நாள் சாயங்காலமே, ஆட்கள் கலைவதற்கு முன் பேசிவை. காலையில் இறங்க மாட்டேன் என்று தொடங்காமல், "முட்டு எப்ப வருது, நாங்களே கட்டித் தர்றோம்" என்று தொடங்கு. நான் மேஸ்திரியாக இருந்தபோது இப்படிக் கேட்டவர்களிடம் என்னால் கோபப்பட முடிந்ததில்லை. பள்ளத்தின் ஆழம், தேதி, யாரிடம் கேட்டாய், என்ன பதில் வந்தது என்பதை போனில் குறித்துவை, முடிந்தால் படமும் எடு. தொழிற்சங்கமோ தொழிலாளர் ஆய்வாளரோ கேட்கும்போது அந்தக் குறிப்பு பேசும்.

அன்றைக்கு முட்டே வராது என்று தெரிந்தால், மேலே நின்று செய்யக்கூடிய வேலையைக் கேள். மண்ணை விளிம்பிலிருந்து தள்ளி ஒதுக்கலாம், பக்கத்தைச் சரித்து வெட்டலாம், குழாயை மேலேயே இணைத்து மொத்தமாக இறக்கலாம். பள்ளத்துக்குள் ஆளே இறங்காமல் முடிக்கக்கூடிய வேலைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். அடுத்த இதழில் அவற்றைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். உன் சைட்டின் அளவுகளை எனக்கு அனுப்பு, பெயர் போட மாட்டேன்.